துண்டுக்குள் ஐந்து விரல்

பாலக்காட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் பொழுது விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தீவனக் கடையின் பின்னறையில் ஜெஸ்னா தையல்காரர் டேப்பை வைத்து மூன்றாவது முறையாக அளந்துகொண்டிருந்தாள். லேப்டாப் திரையிலிருந்து நாற்காலியின் முதுகுவரை எண்பது சென்டிமீட்டர். முதல் தடவையும் எண்பதுதான் வந்தது, இரண்டாவது தடவையும் எண்பதுதான். இருந்தாலும் டேப் நைந்து நீண்டிருந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம்.

லேப்டாப் புண்ணாக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் சுவரில் சாம்பல் நிறப் போர்வை ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தாள். வீடியோவுக்குத் தரம் போடுகிறவர் கண்ணில் வேறு நிறம் படக்கூடாது என்பது ஆராய்ச்சி விதி. அறை அமைதியாக இருக்க வேண்டும் என்பதும் விதிதான். அதற்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாசலில் தொங்கிய சாக்குக்கு அந்தப் பக்கம் நானூறு மாடுகள் நின்றன.

ஜெஸ்னாவுக்கு ஊர் இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட். பகலில் பாலக்காட்டில் சிசிடிவி கேமரா பொருத்தும் கடையில் வேலை, மாலையில் எம்.டெக். வகுப்பு. இப்போதெல்லாம் மாடு வாங்குகிறவர்கள் முதலில் வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார்கள். சிக்னல் மோசமான இடத்தில் அந்த வீடியோ இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, படம் கட்டம் கட்டமாக உடையும். இல்லையென்றால் படம் தெளிவாகவே இருக்கும், ஆனால் திக்கித் திக்கி ஓடும். எது மோசம்? தரம் பார்க்கும் மென்பொருள் கட்டம் விழுந்த வீடியோவுக்கு நூற்றுக்கு ஐம்பத்தெட்டும், திக்கும் வீடியோவுக்குத் தொண்ணூற்று மூன்றும் கொடுத்தது. அது ஒவ்வொரு படமாக நிறுத்தி வைத்துத்தான் பார்க்கும். மாடு அறிந்தவர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள், அவர்களிடம் கேட்டால் இந்த மதிப்பெண் தலைகீழாகும் என்று ஜெஸ்னா நினைத்தாள். நினைத்தாள், அவ்வளவுதான். நிரூபிக்க ஆட்கள் வேண்டும்.

"வெள்ளிக்கிழம ரிவ்யூ," என்று அவளுடைய வழிகாட்டி பின்சி டீச்சர் சொல்லியிருந்தார். "பதினஞ்சு பேரோட மார்க் வேணும். நம்புற மாதிரி இருக்கணும். இல்லன்னா இந்தத் தலைப்ப விட்டுட்டு நான் தர்ற தலைப்ப எடுத்துக்கோ. ஒரு வருஷம் போகும், கேட்டோ."

இன்று புதன்.

ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். ஈஸ்டருக்கு ஊருக்குப் போனபோது எஸ்டேட் லயத்து வீடுகளில் பதினெட்டுப் பேரிடம் வீடியோவைக் காட்டி, ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் கேட்டாள். பதினெட்டுப் பேரும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார்கள். அம்மா செபமாலையம்மாளைத் தனியாகக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

"அது ஒம் பரீச்ச மார்க்குன்னுல்ல நெனச்சோம். நாலு போட்டா ஒனக்குத்தான கொறையும்."

"அம்மா, அது வீடியோவுக்கு."

"எதுக்கா இருந்தா என்ன? எம் பிள்ளைக்கு நாலு போட எனக்கென்ன கிறுக்கா?"

அதனால்தான் இந்தச் சந்தை. இங்கே அவளை யாருக்கும் தெரியாது. குறை கண்டுபிடிப்பதே இங்குள்ளவர்களுக்குப் பிழைப்பு.

முதல் ஆளாக வந்தவர் நஞ்சப்பன். நாற்பது வருடமாக மாட்டுத் தரகு. தோளில் பச்சைத் துண்டு. நாற்காலியையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, கண்ணு டாக்டருங்களா?"

"இல்ல ஐயா, காலேஜு. மூணு வீடியோ போடுவேன். மாட்டுக்கு மார்க் வேணாம், படத்துக்குத்தான். நல்லாத் தெரிஞ்சா அஞ்சு, ரொம்ப மோசம்னா ஒண்ணு."

முதலமடையில் ஒரு மாந்தோப்புக்குள் செவலைப் பசு ஒன்று பத்து விநாடி நடந்தது. கேமரா பொருத்தப் போன இடத்தில் அவளே எடுத்த வீடியோ. முதலில் கெடாத அசலைப் போட்டாள். நஞ்சப்பன் கண் இமைக்காமல் பார்த்தார். பிறகு வாசல் சாக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு," என்றார்.

கட்டம் விழுந்ததைப் போட்டாள். "ரெண்டு." திக்குவதைப் போட்டாள். "ரெண்டு."

"மூணும் ஒண்ணு போலயா இருக்கு?"

"ரெண்டுன்னா ரெண்டுதானுங்க."

அடுத்து ஐந்து பேர், ஒவ்வொருவராக. எல்லோரும் உட்கார்ந்தார்கள், பார்த்தார்கள், சாக்குப் பக்கம் ஒரு கண்ணை ஓட்டினார்கள், ரெண்டு என்றார்கள். அரை மணி நேரத்தில் நோட்டின் அந்தப் பக்கத்தில் பதினெட்டு '2' வாத்துக் கூட்டம்போல வரிசையாக நின்றது.

ஜெஸ்னா பேனாவை மூடினாள். கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லையோ? மாடு சரியில்லையோ? இந்தத் தலைப்பை எடுத்ததே தப்போ? எம்.டெக். சேர்ந்ததே தப்போ? தப்புகளின் பட்டியல் எஸ்டேட் பள்ளிக்கூடம்வரை போய்விடும் என்று தெரிந்து, எழுந்து டீ குடிக்கப் போனாள்.

டீக்கடை ஓரத்தில் ஒரு காளையை நடுவில் விட்டு இரண்டு பேர் நின்றார்கள். இருவருடைய வலது கையும் ஒரே துண்டுக்குள் இருந்தது. "இதென்ன மாடு, எலும்புக்கூடு," என்றார் ஒருவர். துண்டு மெல்ல அசைந்தது. "எலும்புக்கூடுன்னா கைய எடுய்யா," என்றார் மற்றவர். கையை யாரும் எடுக்கவில்லை. துண்டு மறுபடி அசைந்தது. இரண்டு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

காலையிலிருந்து இதைப் பத்து தடவையாவது பார்த்திருந்தாள். விலை பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். இப்போது டீ கிளாஸ் உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது.

சந்தையில் ஒன்றை நல்லது என்று வாயால் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழும், விலை ஏறும். ஆகவே இவர்கள் வாய் எதைப் பார்த்தாலும் ரெண்டுதான் சொல்லும். மனதில் இருப்பதை விரல்தான் சொல்லும். ஒரு கையில் விரல் எத்தனை? அவளுடைய அளவுகோலில் மார்க் எத்தனை?

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எதிர்க் கடைக்கு ஓடினாள். சிவப்புத் துண்டுதான் இருந்தது. சாம்பல் நிறத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். சிவப்பையே வாங்கிக்கொண்டாள்.

நஞ்சப்பன் தீவனக் கடை வாசலில் நாலைந்து பேரோடு நின்றிருந்தார்.

"ஐயா, இன்னொருக்கா பாக்கணும். இந்தத் தடவ வாயால சொல்ல வேணாம்," என்று துண்டை நீட்டினாள்.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "பாத்துப் போங்க நஞ்சப்பண்ணா. அம்மிணி உங்களையே வெல பேசிப்போடும்."

"பல்லு புடிச்சுப் பாத்தா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, போடா," என்றார் நஞ்சப்பன். பிறகு அவளிடம், "பொம்பளப்புள்ள துண்டுக்குள்ள கையுட்டு நாம் பாத்ததில்லீங்க."

"நானும் இதுவரைக்கும் விட்டதில்ல ஐயா."

அவர் கொஞ்சம் யோசித்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அசல் ஓடி முடிந்தது. சாக்குக்கு வெளியே கேட்கும்படி "சுமாருங்க" என்றார். துண்டுக்குள் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். கட்டம் விழுந்தது ஓடியது. "இதும் சுமாருதான்." நாலு விரல். திக்குவது ஓடியது. "அதே போலத்தானுங்க." துண்டுக்குள் அவளுடைய ஆள்காட்டி விரலை மட்டும் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஒன்று. மென்பொருள் தொண்ணூற்று மூன்று கொடுத்ததற்கு ஒன்று. ஜெஸ்னாவுக்குக் காது சூடேறியது.

"ஏன் ஐயா ஒண்ணு? படம் தெளிவாத்தான இருக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பளிச்சுன்னுதான் இருக்குது. நடை எங்கீங்க? காலத் தூக்கறது இருக்குது, வெக்கறது இருக்குது. நடுவால நடந்ததக் காணோம்."

அவள் நோட்டைத் திறந்து பேனாவை ஊன்றினாள். ஊன்றியபடியே நின்றாள். இவர் இந்த வீடியோக்களை ஏற்கெனவே பார்த்தவர். முதலில் வந்த ஆறு பேரும் அப்படித்தான். ஆறு பெயருக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டாள்.

"என்னங்க, எழுதலீங்களா?"

"நீங்க முன்னாடியே பாத்துட்டீங்க ஐயா. உங்களச் சேத்தா கணக்கு தப்பாயிரும்."

"என்ர வெரலு கணக்குல இல்லியா?"

அவள் பதில் சொல்வதற்குள் பச்சைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வருத்தப்பட நேரமில்லை. பதினைந்து சீட்டுகள் எழுதிக் குலுக்கினாள். எந்த வீடியோ முதலில் என்பதைச் சீட்டு சொல்லும். ஒவ்வொன்றும் ஐந்து பேருக்கு முதலில் வரும். புதிதாக வந்த முதல் ஆள் மொக்கையன், டீக்கடை ஓரத்தில் துண்டுக்குள் கைவிட்டிருந்தவர்களில் ஒருவர். கம்பம் பக்கத்துக்காரர்.

"நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே. எந்த எஸ்டேட்டுப் பிள்ள?" என்று கேட்டபடி கட்டம் விழுந்த வீடியோவைப் பார்த்தார். நாலு விரலைப் பிடித்தார். பிறகு இடது கையால் திரையில் பசுவின் பின்னங்காலைத் தொட்டுக் காட்டி முணுமுணுத்தார்: "ஏத்தா, இது நொண்டுதுல்ல. தெரியாம வாங்கிறாத."

அந்த வீடியோவை ஜெஸ்னா இருநூறு தடவை பார்த்திருந்தாள். நொண்டலை ஒரு தடவையும் பார்த்ததில்லை. மொக்கையன் மூன்றையும் பார்த்துவிட்டுப் போனதும் அசலை மெதுவாக ஓட்டினாள். வலது பின்னங்கால் தரையில் ஊன்றும்போது இடுப்பு லேசாக ஒரு பக்கம் இறங்கி ஏறியது. அரை விநாடிகூட இல்லை. திக்குவதை ஓட்டினாள். இடுப்பு இறங்கவே இல்லை. திரையில் நின்ற ஒவ்வொரு படமும் துல்லியம். விட்டுப்போன படங்களுக்குள்தான் நொண்டல் இருந்தது.

அவள் துள்ளி எழுந்ததில் மேலே கட்டியிருந்த தராசுத் தட்டு தலையில் இடித்தது. வலிக்கவில்லை. வலித்தது மதியம்தான்.

அதன் பிறகு ஒவ்வொருவரிடமும் முதல் வீடியோ முடிந்ததும், மாட்டில் குறை இருந்தால் திரையில் தொட்டுக் காட்டச் சொன்னாள். பொம்பளைப்புள்ளை துண்டு போடுகிறது என்ற செய்தி சந்தை முழுக்கப் பரவியதில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்ததும் வேடிக்கையை மறந்து குனிந்து கால்களைப் பார்த்தார்கள். ஐந்து, நாலு, ஒன்று. நாலு, நாலு, இரண்டு. ஐந்து, மூன்று, ஒன்று. எழுத எழுத, தன் ஆசையால் இப்படித் தெரிகிறதோ என்று சந்தேகம் வந்தது. விரலைச் சரியாக எண்ணினேனா? இரண்டு முறை பிடிக்கச் சொல்லி எண்ணினாள்.

பதினொரு மணிக்குப் பதின்மூன்று பேர் ஆகியிருந்தார்கள். வெளியே பார்த்தாள். சந்தை கலைந்திருந்தது. லாரிகள் போய்விட்டன. சாணமும் வைக்கோலும் இரண்டு நாய்களும்தான் மிச்சம். கையில் இரண்டு சீட்டுகள். பிரித்துப் பார்த்தாள். இரண்டிலும் திக்குவதுதான் முதலில். அதை முதலில் பார்த்த மூன்று பேருக்கு நொண்டல் தெரியவில்லை. அவள் சொல்ல வந்ததன் உயிரே அதில்தான் இருந்தது, ஆனால் மூன்று பேர் போதாது.

நட்சத்திரக் குறி போட்ட பக்கத்தைத் திருப்பினாள். நஞ்சப்பனின் ஐந்து, நாலு, ஒன்றைச் சேர்த்தால் யாருக்குத் தெரியும்? பேனா சிறிது நேரம் அங்கே நின்றது. நோட்டை மூடினாள்.

சாக்கு விலகியது. நஞ்சப்பன். பின்னால் இரண்டு புது ஆட்கள்.

"பொள்ளாச்சி போற லாரிய மறிச்சுட்டனுங்க. ரெண்டு பேரும் மாட்டாளுங்கதான். சீக்கிரம் அம்மிணி, மாடு வெயில்ல நிக்குது."

"கோவமாப் போனீங்களே ஐயா?"

"கோவந்தான். என்ர வெரலுதான் ஆகாது. என்ர ஆளுக வெரலு ஆகுமில்ல?"

முதல் ஆள் திக்குவதைப் பார்த்து ஒரு விரல் கொடுத்தான். குறை காட்டச் சொன்னதற்குத் தலையசைத்தான், ஒன்றும் இல்லை. இரண்டாவது ஆள் இரண்டு விரல் கொடுத்தான். "படந்தான் நொட்டை. மாட்டுல கொற இல்லீங்க," என்றான். அடுத்து அசல் ஓடியது. நாலாவது விநாடியில் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"அடப்பாவமே, நொண்டுதே. இதயா நல்ல மாடுன்னேன்?"

சாக்குக்கு வெளியே நின்ற நஞ்சப்பன் சத்தமாகச் சிரித்தார்.

பேருந்தில் பாலக்காடு வரும்வரை ஜெஸ்னா கூட்டிப் பார்த்தாள். கட்டம் விழுந்ததற்குச் சராசரி 3.8. திக்குவதற்கு 1.4. திக்குவதை முதலில் பார்த்த ஐந்து பேரில் ஒருவருக்கும் நொண்டல் தெரியவில்லை. மற்ற பத்துப் பேரில் ஒன்பது பேர் காலைத் தொட்டுக் காட்டியிருந்தார்கள். மூன்று தடவை கூட்டினாள். மூன்று தடவையும் அதேதான் வந்தது. நாலாவது தடவையும் கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை மாலை ரிவ்யூவில் பின்சி டீச்சருடன் வேறு இரண்டு பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஒரே ஒரு மாடு."

"ஆமா டீச்சர்."

"வெளிச்சம் அளக்கல. சத்தம் அடக்கல. பத்து மாடாவது வேணும்."

எல்லாம் சரிதான். எல்லாமே ஜெஸ்னாவின் நோட்டில் 'என் தப்புகள்' என்ற பக்கத்தில் ஏற்கெனவே இருந்தன.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தத் துண்டு இருக்கா?"

பையிலிருந்து எடுத்தாள். அறை முழுக்கப் புண்ணாக்கு வாசனை வீசியது. டீச்சர் துண்டை வாங்கித் தன் கைமேல் போட்டுக்கொண்டு மேசைக்குக் குறுக்கே நீட்டினார். ஜெஸ்னா தயங்கித் தயங்கித் தன் கையை உள்ளே விட்டாள்.

"இன்னும் நிறைய வேலை இருக்கு," என்றார் டீச்சர், பக்கத்திலிருந்த பேராசிரியர்களைப் பார்த்து. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தார். இரண்டு. மூன்று. நாலு. ஜெஸ்னா ஐந்தாவதற்குக் காத்திருந்தாள். அது வரவில்லை.

"அடுத்த ரிவ்யூவுக்குப் பத்து மாடு," என்றார் டீச்சர். "இதே தலைப்பு."

ஜெஸ்னா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் கீழே வந்து அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"நாலும்மா. டீச்சர் நாலு போட்டாங்க."

மலையில் சிக்னல் திக்கித் திக்கி வந்தது. அம்மாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அந்த ஒண்ண எதுக்குடி கொறச்சா அவ?"