அவன் எழுதிய பலாமரம்

வங்காளத்தில் மால்டா பக்கம் கங்கைக் கரை ஊரொன்றில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அபனி மண்டல், வெகுகாலமாகக் கவிதை எழுதிவந்தார். சரத்கால மேகம், நாணல் பூ, பாய்மரப் படகு. ஊரில் 'கவி வாத்தியார்' என்றால் அவர்தான். கல்லூரி நண்பன் ஷுபங்கர் கல்கத்தாவிலிருந்து வந்துபோனதும் அந்தப் பெயரில் மண் விழுந்தது.

அபனிதான் அவனைக் கரைக்கு அழைத்துப்போய், ஊருக்கே சித்தி முறையான கிரிபாலா மாஷியின் வீடு ஆற்றில் சரிந்த இடத்தைக் காட்டினார். போனவன் அதையே கவிதையாக எழுதிவிட்டான். பத்திரிகைகள் கொண்டாடின. பரிசும் கிடைத்தது. அபனிக்குச் சோறு இறங்கவில்லை.

"என் ஊரு, என் ஆறு, என் மாஷி. இவன் யாரு நடுவுல?" என்று மனைவியிடம் பொருமினார்.

"வீடு விழுந்தன்னிக்கு நீங்களும்தான் கரையில நின்னீங்க. எழுதியிருக்கலாமே?" என்றாள் அவள்.

அபனி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

குளிர்காலத்தில் பள்ளி மைதானத்தில் கவியரங்கம் வைத்தார்கள். ஷுபங்கரை அழைத்தவர் அபனியேதான். மாஷியையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்.

"உன் கஷ்டத்தை வித்துப் பேர் வாங்கியிருக்கான், மாஷி. நாலு பேர் முன்னாடி நறுக்குன்னு கேளு" என்று காதில் ஓதினார்.

ஷுபங்கர் படித்தான். கரை பிளந்தது, மாட்டை அவிழ்த்துவிட அவள் ஓடியது, காய்களோடு பலாமரம் நின்றபடியே நீருக்குள் இறங்கியது. அவன் முடித்ததும் மாஷி எழுந்தாள். அபனிக்கு உள்ளுக்குள் குதூகலம்.

"தம்பி, இதை இன்னொரு வாட்டி படிப்பியா? என் மவன் தபன் கேரளாவுல கொத்து வேலை பாக்குறான். வீடு போனப்ப அவன் இங்க இல்ல. போன்லயாவது கேக்கட்டும்."

கூட்டம் கலைந்ததும் தபனுக்குப் போன் போட்டார்கள். மாஷிக்கு அந்தப் போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. அதனால் போனைப் பிடித்துக்கொள்ளும் வேலை அபனி தலையில் விழுந்தது. நண்பன் படிக்கப் படிக்க, அவன் வாயருகே அதை நீட்டிக்கொண்டு நின்றார். படித்து முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து தபன் கேட்டான்: "யாரும்மா எழுதினது? நம்ம அபனி வாத்தியாரா?"

"இல்லடா. அவரு மேகத்தைப் பத்தில்ல எழுதுவாரு! இது வேற தம்பி" என்றாள் மாஷி, கள்ளமில்லாமல்.

பஸ் நிறுத்தத்தில் ஷுபங்கர் அபனியின் தோளில் கை போட்டான். "நீ காட்டலேன்னா எனக்கு இந்தக் கவிதையே இல்லடா. நான் அடுத்த பஸ்ல போறேன். வா, கரைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம். இந்தத் தடவை நீ எழுது."

மறுபடியும் இவனை அங்கே அழைத்துப்போவதா? இருட்டுவதற்குள் இன்னும் பஸ்கள் இருந்தன.

"இதுதான் கடைசி பஸ். ஏறு, ஏறு" என்று அவன் பையைத் தூக்கி உள்ளே போட்டார் அபனி.

வீட்டில் மனைவி இருவருக்கும் மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தாள்.

"எங்க உங்க சிநேகிதரு?"

"அவசர வேலையாம். நான் எவ்வளவோ சொல்லியும் நிக்கல" என்றார்.