முடிச்சுக்கு அந்தப் பக்கம்

அம்மாவின் தலையில் சீப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அத்தனை சிக்கு. இழுத்தால் வலிக்குமே என்று மகளின் கை தயங்கியது. உயிர் போன உடம்புக்கு இனி என்ன வலி! அம்மா ஒழுங்காகத் தலைவாரியே பல நாளாயிற்று என்பது, அவ்வப்போது வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

இதே அம்மா ஒரு காலத்தில் படிய வாரிக் கொண்டை போட்டு, சண்டைக்கென்றே சிங்காரித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவாள். மாடிவீட்டுத் தையல்காரியோடு துணிக்கொடிச் சண்டை. கொடியின் நடுவே சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. அந்தப் பக்கம் அவளுக்கு, இந்தப் பக்கம் அம்மாவுக்கு. ஒரு கைக்குட்டை எல்லை தாண்டினால் போதும், தெருவே காது கொடுத்துக் கேட்கும். அம்மாவுக்கு அவள் 'ஊசி'. அவளுக்கு அம்மா 'மகாராணி'.

மானம் போகிறதே என்று மகள்தான் இதற்கு ஒரு முடிவு கட்டினாள். பால்கனியில் துணி காயப்போட ஸ்டாண்டு வாங்கி வைத்தாள். அதோடு விட்டாளா? மாடியேறிப் போய், "இனிமே எங்கம்மாகிட்ட வாயே குடுக்காதீங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டும் வந்தாள். அப்பாடா, வீடு அமைதியாயிற்று. அம்மாவும்தான். சாப்பாடு பாதியில் நின்றது. "யாரு பார்க்கப் போறா?" என்று கசங்கிய துணியோடு கிடந்தாள். வயசாகிவிட்டது என்றார் டாக்டர்.

இப்போது வாசலில் அந்தத் தையல்காரி நின்றிருந்தாள். கழுத்தில் அளவுநாடா அப்படியே தொங்கியது.

"உள்ள வரலாமாம்மா? நீ பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தே."

மகள் நகர்ந்து இடம் விட்டாள். தையல்காரி உட்கார்ந்து சீப்பை வாங்கி, நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"என்ன மகாராணி, ஊசியைப் பார்த்தும் வாயைத் திறக்க மாட்டேங்கறே? அவ்வளவு கொழுப்பா?"

சொல்லிவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"அப்புறம் ஒரு நாள் உங்கம்மா மாடிக்கு வந்தா. என் துணியை வேணும்னே ஓரமா ஒதுக்கிட்டு, ஈரத்துணியை முடிச்சு தாண்டிப் போட்டா. நான்தான் உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னா. போயிட்டா."



எல்லாம் முடிந்து வந்த சாயங்காலம், அம்மாவின் படுக்கை விரிப்பைத் துவைத்து மொட்டைமாடிக்கு எடுத்துப் போனாள். சிவப்பு நூல் வெளுத்துப்போய் இன்னும் இருந்தது. விரிப்பை அதைத் தாண்டி, அந்தப் பக்கம் முழுக்கப் பரப்பிப் போட்டுவிட்டு, சண்டைக்குக் காத்து நின்றாள்.

தையல்காரி வந்தாள். பார்த்தாள். ஓரத்தில் நெருங்கிக் கிடந்த தன் துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.