விக்கலுக்கு மட்டும் ஒரு டம்ளர்

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் தண்ணீர் ஊற்றுவது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களில் ஒருவனாவது நிரம்பிய ஜக்கை ஒற்றைக் கையில் பிடித்து, பன்னிரண்டு மேசைக்கு நடுவே புகுந்து, எவன் சட்டையிலும் ஒரு சொட்டுத் தெறிக்காமல் ஐம்பது டம்ளர் நிரப்பிக் காட்டட்டும். பிறகு பேசலாம்.

ஒற்றைக் கை என்று ஏன் சொல்கிறேன் என்றால், என்னிடம் உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான். இடது கையின் நான்கு விரல்களை இருபது வயதில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் விட்டுவிட்டு வந்தேன். அதன்பிறகு வேலை கேட்டுப் போன இடமெல்லாம் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தே பதில் சொன்னார்கள். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில், ஆமத்தூர்ப் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருந்த இராமகிருஷ்ணன் முதலாளி மட்டும், "ஒத்தக் கையால என்னலே செய்வ?" என்று கேட்டார்.

"தண்ணி ஊத்துவேன்" என்றேன்.

ஜக்கைத் தூக்கிக் கொடுத்தார். முப்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது. ஜக்குத்தான் நாலைந்து மாறியிருக்கிறது, கை அதேதான்.

எங்கள் கடையில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்துப் போடுவோம். சால்னாவின் காரம் காது வரைக்கும் போகும். சாயங்காலம் ஐந்தரைக்குப் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து நிற்கும். இறங்கி வருகிறவர்கள் கையெல்லாம் வெள்ளி மருந்து பூசி மினுங்கும். தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் பரோட்டா வருவதற்கு முன்னாலேயே இரண்டு டம்ளர் தண்ணீர் உள்ளே போய்விடும். அவர்கள் தலையைத் தூக்கிக் கேட்பதற்குள் டம்ளர் மறுபடி நிரம்பியிருக்க வேண்டும். கேட்ட பிறகு ஊற்றுகிறவன் தண்ணீர் ஊற்றத் தெரியாதவன்.

பெரிய முதலாளி மூன்று வருஷத்துக்கு முன் காலமானார். லாரியில் பட்டாசு லோடு அடித்துக்கொண்டிருந்த மகன் நவநீதகிருஷ்ணன் கல்லாவில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர்தான். கெட்ட புத்தி அவருக்குச் சொந்தமாக வராது, யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். போன தீபாவளி சீசனுக்கு ஒரு மாதம் முன்பு மதுரைக்குப் போனவர் ஏசி ஓட்டல் ஒன்றில் சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாளே கடைக்குள் ஆளுயரக் குளிர்ப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே முழுக்கத் தண்ணீர் பாட்டில்.

"நல்லசிவண்ணே, அங்கன எவனும் ஓசித் தண்ணி குடுக்கல. உக்காந்ததும் பாட்டிலக் கொண்டாந்து வச்சுட்டான். நானும் வாயப் பொத்திக்கிட்டு வாங்கிக் குடிச்சேன்" என்றார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குழாயில் தண்ணீர் வருவது எங்கள் பக்கம் திருவிழா மாதிரி, என்றைக்கு என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்கு லாரித் தண்ணீர்தான். லாரிக்காரன் மழை பெய்தாலும் விலையை ஏற்றுவான், பெய்யாவிட்டாலும் ஏற்றுவான். சாப்பிடுகிறவன் நாலு டம்ளர் குடித்தால் பரவாயில்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டு ஐந்து லிட்டர் கேனை என் மூக்குக்கு நேரே நீட்டுகிற ஆட்களும் உண்டு. அவர்களை எனக்கும் பிடிக்காது. அதற்காக, தாகத்தை நாமே பரிமாறிவிட்டு அதை அணைக்கக் காசு கேட்பதா?

சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கிற சித்தப்பா மகனிடம் ஒரு அறிவிப்பு அடித்துத் தரச் சொன்னார் முதலாளி. ஒற்றைத் தாள் ஆர்டருக்கெல்லாம் மிஷினை ஓட்ட முடியாது என்று அந்தத் தம்பி, மிச்சம் கிடந்த காலண்டர்த் தாளில், மாதக் கட்டத்துக்கு விட்டிருந்த வெற்றிடத்தில் அடித்துக் கொடுத்துவிட்டான். மேலே இருக்கன்குடி மாரியம்மன் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கீழே சிவப்பு எழுத்தில், "குடிதண்ணீர் இலவசம் இல்லை. பாட்டில் வாங்கிக் குடிக்கவும்." மழை கொடுக்கிற தாயை வைத்தே இப்படி ஒரு சேதி சொல்ல வேறு எந்த ஊர்க்காரனுக்குக் கை வரும்?

வந்தவர்கள் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களே தவிர, ஒருவரும் எழுத்தைப் படிக்கவில்லை. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து, "அண்ணே, தண்ணி" என்றார்கள். கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதலாமென்றால் அம்மன் படத்தைக் கிழிப்பது யார்? தாள் அப்படியே இருந்துவிட்டது.

என் சங்கடம் வேறு. பாட்டில் மூடியைத் திருக இரண்டு கை வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்குள் போய்விட்டால் எனக்குக் கடையில் வேலை இல்லை. ஐம்பத்தாறு வயதில், ஒற்றைக் கையோடு, வேறெங்கே போய் நிற்பது? பயமாகத்தான் இருந்தது. முதலாளியும் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "இந்த மாசம் இருங்கண்ணே. பெறகு வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

அந்தத் தாளை மாட்டிய முதல் நாளே ஒன்று நடந்தது. வள்ளித்தாய் என்று ஒரு பெண், பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிறவள். வாய் கொஞ்சம் அதிகம். நாலாவது வாய்ப் பரோட்டாவில் அவளுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் முட்டுகிறது, பாட்டில் வாங்க மாட்டேன் என்கிறாள்.

"மொதலாளி... ஹிக்... நாங்க அடைக்கிற பட்டாசுப் பெட்டியிலயே... ஹிக்... பக்கத்துல ஒரு வாளித் தண்ணி வைங்கன்னு அச்சடிச்சிருக்கு. ஒங்க சால்னாவுக்கு ஒரு டம்ளர் கெடையாதா?"

கடையே சிரித்தது. முதலாளி முகம் மட்டும் வெளுத்துவிட்டது. "நல்லசிவண்ணே, குடுங்க! சீக்கிரம் குடுங்க!" என்று கத்தினார்.

காரணம் எனக்குத் தெரியும். பெரிய முதலாளி போனது விக்கலில். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, மத்தியானம், இதே கல்லாவில் விக்கல் ஆரம்பித்து நிற்கவேயில்லை. ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மகன் அப்போது அச்சங்குளத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். பெற்றவருக்குக் கடைசியில் ஒரு வாய்த் தண்ணீர் ஊற்ற நாதியில்லாமல் போயிற்றே என்ற குமைச்சல் அவருக்கு உண்டு. அந்த நாளைப் பற்றி யார் வாயெடுத்தாலும் எழுந்து போய்விடுவார்.

ஆட்டோவில் கூடப் போனவன் நான். கையில் ஜக்கும் இருந்தது. பெரியவர் குடித்தார். சொல்லலாமென்று இரண்டு முறை பக்கத்தில் போனேன், இரண்டு முறையும் எழுந்து போனார். பாட்டில் வந்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொன்னால் வேலைக்காகச் சொன்னதாக ஆகிவிடும். அவர் தண்ணீருக்கு விலை வைத்துவிட்டார். அந்த ஒரு டம்ளருக்கு நானும் விலை வைப்பதா? போகிற வேலை போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அன்று ராத்திரியே முதலாளி ஒரு சட்டம் போட்டார். விக்கல் வந்தவர்களுக்கு மட்டும் ஒரு டம்ளர் இலவசம். அதற்கு ஒரு ஜக்கும் நானும். "விக்கல் வர்ற வரைக்கும் நீங்களும் இருங்கண்ணே" என்றார். பெருந்தன்மையாகச் செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. மனுஷனுக்கு மாதத்துக்கு எத்தனை விக்கல் வரும்?

நான் அரிச்சந்திரன் பேரன் இல்லை. மறுநாள் வள்ளித்தாய் கை கழுவுகிற இடத்தில் நிற்கும்போது காதோடு விஷயத்தைச் சொன்னேன்.

"விக்கல்தான? எம்புட்டு வேணும்ணே?" என்றாள்.

அவள் பிறவிக் கலைஞி. தோள் ஒரு தூக்கு தூக்கும், கண் கலங்கும், இரண்டு விக்கலுக்கு நடுவே, "யாரு என்ன நெனைக்காகளோ" என்று ஒரு பெருமூச்சு வேறு. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துச் சீரழிந்தது நான்தான். லோடுமேன் பாண்டிராஜ் இருக்கிறானே, ஆறடி ஆள். அவன் விக்கினால் மேசை ஆடும். "ஏலே, வாய்க்குள்ளயே விக்குலே, லாரி ஸ்டார்ட் பண்ற மாதிரி இருக்கு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவன் பரோட்டா வருவதற்கு முன்பே விக்குவான். ஒருநாள் கடைக்குள் நுழையும்போதே விக்கினான்.

இரண்டே வாரத்தில் என் ஜக்கு முன்னைவிட அதிகமாக நடந்தது. குளிர்ப்பெட்டியில் பாட்டில்கள் அடுக்கியது அடுக்கியபடி குளிர்ந்துகொண்டிருந்தன. முதலாளிக்கு முதலில் சந்தேகம் வரவில்லை, பயம்தான் வந்தது. மாஸ்டரைக் கூப்பிட்டு மைதாவை மோந்து பார்த்தார். எண்ணெயை மாற்றினார். சால்னாவில் மிளகாயைக் குறைத்தார். விக்கல் குறையவில்லை. இருக்கன்குடிக்குப் போய் மாவிளக்கு எடுப்பதாக நேர்ந்துகொண்டார். அப்போது எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

மாதக் கடைசி நாள். ஐந்தரை மணிக் கூட்டம். முதலாளி கல்லாவிலேயே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று வேன் ஆட்கள் ஒன்றாக வந்துவிட்டார்கள். இந்த மேசையில் ஒரு விக்கல், அந்த மேசையில் ஒரு விக்கல், பிறகு எல்லா மேசையிலும். நான் எட்டி நடந்தும் ஊற்றி மாளவில்லை. என் ஜக்கு ஒரு மேசையிலிருந்து நகர்ந்ததும் அங்கே விக்கல் நிற்கிறது, அடுத்த மேசையில் ஆரம்பிக்கிறது. அதை முதலாளி பார்த்துவிட்டார். பார்த்ததுதான், வாயில் பரோட்டாவோடு எழுந்து நின்றார்.

"ஏலே, எல்லாரும் சேந்து நாடகமா போடுறீக? நல்லசிவண்ணே, நீங்கதான வாத்தியாரு? அந்த ஜக்க இங்கன வைங்க. நாளையிலருந்து வராதீக! இனிமே எவனுக்கு விக்கல் வந்தாலும்... ஹிக்!"

கடைக்குள் வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு.

"மொதலாளி நம்மளவிட நல்லாவே விக்குதாரு!" என்றான் பாண்டிராஜ்.

"தோளு பத்தல" என்றாள் வள்ளித்தாய்.

முதலாளி கையை ஆட்டி இல்லை இல்லை என்றார். அதற்கும் சிரித்தார்கள். குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். கையெல்லாம் எண்ணெய், வழுக்கியது. பாண்டிராஜிடம் நீட்டினார். அவன் கையில் எண்ணெயோடு சால்னாவும் இருந்தது. பாட்டில் நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. முதலாளி நெஞ்சில் குத்திக்கொண்டார். கண் இரண்டும் சிவந்து நின்றன. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

என்னை வேலையை விட்டு அனுப்பி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஜக்கை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கை கேட்டால்தானே? அது பாட்டுக்கு டம்ளரை நிரப்பிவிட்டது. விரலில்லாத கையை அவர் பிடரியில் கொடுத்து, டம்ளரை வாயில் வைத்தேன். முதல் வாய், இரண்டாம் வாய். மூன்றாம் வாய்க்குப் போதும் என்று கையைக் காட்டினார்.

விக்கல் நின்றது. ஆனால் ஆள் அழுதார். அத்தனை பேர் முன்னால், எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டு.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தானண்ணே தொண்டைய அடைச்சிருக்கும். ஒரு வாய்த் தண்ணி ஊத்த ஆளில்லாமப் போச்சே."

வேலைதான் போய்விட்டதே, இனி எதற்கு மறைக்க? "ஊத்துனேன் மொதலாளி" என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஆட்டோவுல நாந்தான் கூடப் போனேன். இந்தக் கைய இப்படியே பிடரிக்குக் குடுத்துத்தான் ஊத்துனேன். ரெண்டு வாய் குடிச்சாக. மூணாவது வாய்க்கு, இப்ப நீங்க காட்டுனீகளே, அதே மாதிரி கையக் காட்டுனாக. விக்கல் நின்னுச்சு. நின்ன பெறகுதான் போனாக."

"ஏண்ணே இம்புட்டு நாளாச் சொல்லல?"

"முன்ன நீங்க கேக்க நிக்கல. பெறகு சொன்னா, அந்தத் தண்ணிக்கு நான் வெல வச்ச மாதிரி ஆயிரும்."

அவர் சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார். "கடைசியா என்னமும் சொன்னாரா?"

இதைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்கு யோசனை. ஆனால் பொய் சொல்ல வரவில்லை.

"சொன்னாக. 'தண்ணி உப்புக் கரிக்குதுலே நல்லசிவம், லாரிக்காரன மாத்தச் சொல்லு'ன்னாக."

முதலாளிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. வள்ளித்தாய் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "மூணு வருசமா அதே லாரிக்காரன்கிட்டதானய்யா வாங்குறோம்" என்றார் முதலாளி. சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். "போங்கண்ணே, மூணாம் மேசையில டம்ளரு காலியா இருக்கு."

மறுநாள் காலையில் வேறு லாரி வந்தது. முதல் டம்ளரை முதலாளி குடித்துப் பார்த்துவிட்டு, அப்பா படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாட்டில்கள் குளிர்ப்பெட்டியிலேயே இருக்கின்றன, வேண்டுமென்கிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம். இருக்கன்குடியில் மாவிளக்கும் எடுத்தாயிற்று. திரும்பி வரும்போது ஒரு முழ நீளச் செவ்வந்தி மாலை வாங்கி வந்தார். அதை மாரியம்மன் கழுத்தில் போடாமல், அளந்து அளந்து, கீழே சிவப்பு எழுத்து இரண்டு வரியும் மறைகிற மாதிரித் தொங்கவிட்டார். பூ வாடுவதற்கு முன்னால் புது மாலை மாற்றுவது இப்போது என் வேலை. ஒற்றைக் கையாலேயே மாற்றிவிடுகிறேன்.