கணுவுக்கு ஒரு வேர்

அந்த மஞ்சள் பூவைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து இதழ், முட்டைக்கருவின் நிறம். குளக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்கள் அதன் எதிரே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இவ்வளவு அழகான செடியை ஏன் பிடுங்குகிறீர்கள் என்று அவளிடமே வந்து கேட்பார்கள். அழகெல்லாம் தண்ணீருக்கு மேலே உள்ள ஒரு சாண் மட்டும்தான். கீழே போய்ப் பார்த்தால் தாம்புக்கயிறு கணக்காகத் தண்டு பின்னிக் கிடக்கும். கணுவுக்குக் கணு வேர். சேற்றைப் பிடிக்க ஒரு வேர், காற்றைத் தேடி மேல்நோக்கி நிற்க வெள்ளையாகப் பஞ்சுபோல இன்னொரு வேர். தண்டை ஒடித்தால் செத்துப்போகும் செடி என்றால் ஒடித்துவிட்டுப் போகலாம். இது ஒடித்தால் இரண்டாகும். விரல் நீளத் துண்டில் ஒரு கணு இருந்தால் போதும், பத்தே நாளில் அது தனிக்குடித்தனம் தொடங்கிவிடும்.

அவள் குடிநீர்த் துறையில் களை ஆய்வாளர். அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. கழுத்தில் கயிறு கட்டி எப்போதும் ஒரு கைலென்சு தொங்கும் என்பது ஒரு காரணம். அடுத்தவர் எழுதிய குறிப்பில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடித்து, நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவாள் என்பது முக்கியமான காரணம். அந்தப் பெயர் அவள் காதிலும் விழுந்திருந்தது. உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான்.

நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஒன்பது குளங்களில், மேற்கு வாய்க்காலில் இருக்கும் ஆறு அவளுடையவை. கிழக்கு வாய்க்காலின் மூன்று குளங்கள் இன்னொரு ஆய்வாளருடையவை. அந்த மனிதர் ஜீப்பை விட்டு இறங்காமலே கரையிலிருந்து எட்டிப் பார்த்து, களை இல்லை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறவர். அவர் குளங்களில் ஒரு மஞ்சள் பூகூடக் கிடையாது. விழுந்து விழுந்து வேலை செய்கிறவளின் குளங்களில் எட்டு மாதத்துக்குள் ஆறில் ஐந்தை இந்தச் செடி பிடித்துவிட்டது. உறிஞ்சு குழாயின் வாயில் செடி அடைத்துக்கொண்டு இரண்டு முறை பம்பு நின்றுவிட்டது. பாதி நகரம் குடத்தோடு தெருவுக்கு வந்தது. தலைமைப் பொறியாளர் அவளை அழைத்து, இந்தச் சனியன் எங்கிருந்து வந்தது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அவளுக்கு வெள்ளிக்கிழமைவரை அவகாசம் தேவைப்படவில்லை. பெயர் ஏற்கெனவே நாக்கு நுனியில் இருந்தது.

நாலாம் குளத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையை ஒட்டி, அவள் தங்கையின் கணவன் நீர்ச்செடிப் பண்ணை வைத்திருந்தான். சிமெண்டுத் தொட்டிகளில் அல்லி, தாமரை, பாசி வகைகள். ஊரில் எல்லோருக்கும் அவன் தொட்டிக்காரன். அவனுக்கும் அவளுக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். தங்கையைப் பெண் கேட்டு வந்தபோது ஒரு செடியைப் பரிசாகக் கொண்டுவந்து, அதன் பெயரைத் தப்பாகச் சொன்னான். அவள் எல்லோர் முன்னிலையிலும் திருத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே, பேர் எதுவா இருந்தா என்ன அண்ணி, பூத்தா சரி என்றான். எட்டு வருடமாகியும் அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவில்லை.

புதன்கிழமை காலை துறையின் ஜீப்பில், அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனாள். தங்கை வாசலில் நின்று உள்ளே வா அக்கா என்றாள். வேலையாக வந்திருக்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகத் தொட்டிகளிடம் போனாள். ஒன்பதாவது தொட்டியில் இருந்தது. அதே மஞ்சள், அதே ஐந்து இதழ். அவளுக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று ஒரு சந்தோஷம் ஏறியது. அதை மறைக்கக்கூட அவள் முயலவில்லை.

தொட்டிக்காரன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். ஆறு வருடமாக அந்தச் செடி அதே தொட்டியில் இருப்பதாகச் சொன்னான். தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டுகூட வாய்க்காலுக்குப் போகாது, எல்லாம் பின்பக்கக் குழியில்தான் வடியும் என்று கூட்டிப்போய்க் காட்டினான். பிறகு தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி அவளிடம் நீட்டினான்.

"நல்லா பாருங்க அண்ணி. என் செடிக்கு இலை வழவழன்னு இருக்கும். உங்க குளத்துல இருக்கறதுக்கு முடி இருக்கு. ரெண்டும் வேற வேற ஜாதி."

"தண்ணியில மிதக்கறப்போ வழவழப்பா இருக்கும், மேல எழும்பினா முடி வரும். ஒரே செடிதான் ரெண்டு மாதிரி இருக்கும். எனக்கு நீங்க பாடம் எடுக்க வேண்டாம்."

"என் செடி மேல எழும்பித்தானே நிக்குது? எங்க முடி?"

அவள் லென்சைத் தூக்கக்கூட இல்லை. அவன் விடவில்லை. இரண்டு செடியையும் ஒரே தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சொன்னான். முடி வருகிறதா இல்லையா என்று அப்போது தெரிந்துவிடும், தன் செடிதான் என்று ஆகிவிட்டால் தானே எல்லாவற்றையும் கொளுத்திவிடுவதாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும், உங்கள் வசதிக்குத் துறை காத்திருக்காது என்றாள் அவள்.

"சரி, இதுக்காவது பதில் சொல்லுங்க. தண்ணி ஒண்ணாம் குளத்துல இருந்து ஆறாம் குளத்துக்கு இறங்கி வருது. மதகுக்கு மதகு வலை போட்டிருக்கீங்க. நாலுல முதல்ல வந்த செடி அடுத்ததா அஞ்சுக்குத்தானே வரணும்? அஞ்சு சுத்தமா இருக்கு. மேல இருக்கிற ஒண்ணாம் குளத்துக்கு எப்படி ஏறிப் போச்சு?"

பதில் இல்லாதபோது அவளுக்குக் கோபம் இன்னும் நன்றாக வரும். பறவை கொண்டுபோயிருக்கும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, மாதிரிக்கு ஒரு தண்டைப் பறித்துக்கொண்டு கிளம்பினாள்.

அறிக்கை வியாழக்கிழமையே போய்விட்டது. அடுத்த வாரம் பண்ணையின் உரிமம் ரத்தாகி, தெளிப்பு ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒன்பதாவது தொட்டிக்கு மட்டும் மருந்து அடித்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆணையில் நீர்ச்செடிகள் அனைத்தும் என்று இருந்தது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். அல்லி, தாமரை, இன்னும் அவன் வருடக்கணக்காகப் பிரித்துப் பிரித்து நட்ட அத்தனையும் மதியத்துக்குள் துவண்டு பழுத்துப்போயின. ஆட்கள் போன பிறகு தொட்டிக்காரன், செடிகளை வாரிக் காலி செய்த தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளிடம் தங்கைதான் வந்தாள்.

"இப்ப திருப்தியா அக்கா?"

சட்டப்படி நடந்தது என்று அவள் சொன்னாள். தங்கை அதைக் கேட்க நிற்கவில்லை.

மறு திங்கட்கிழமை வழக்கமான சுற்று. அவளுடைய வேலை முறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில்தான் அவளுக்குத் தலைகால் புரியாத கர்வம். குப்பை வாரும் இரும்புப் பல்வாரிகள் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி, நீளக் கயிற்றில் கோத்து, குளத்துக்குள் வீசி இழுப்பாள். ஒரு குளத்துக்குப் பத்து வீச்சு. வாரியில் எத்தனை தண்டு மாட்டியது என்று எண்ணி எழுதுவாள். முதலில் நாலாம் குளம், அது வீட்டுக்குப் பக்கம். அங்கிருந்து ஒன்று, ஏனென்றால் அங்கே பம்பு அறைக்காரர் பத்து மணிக்குள் கையெழுத்து கேட்பார். பிறகு பாலத்தை ஒட்டிய சாலையில் மூன்று, இரண்டு, ஆறு. கடைசியில் ஐந்து. ஒரு குளத்தின் களை இன்னொரு குளத்தின் எண்ணிக்கையில் கலந்துவிடக் கூடாது என்பதில் அவள் கறார். ஆகவே எந்தக் குளத்தில் இறங்கினாலும் முதல் வேலையாக, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த வாரியையும் தன் ரப்பர் பூட்ஸையும் அந்தக் குளத்துத் தண்ணீரிலேயே நன்றாக அலசுவாள். அப்புறம்தான் முதல் வீச்சு. கிழக்குக் குளத்து ஆய்வாளரிடம் வாரியே கிடையாது என்பதைச் சொல்லிச் சொல்லி அவரை அவள் எத்தனை முறை மட்டம் தட்டியிருக்கிறாள்!

ஐந்தாம் குளத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவளிடம் மிச்சமிருந்த ஒரே சுத்தமான குளம். படியில் குனிந்து வாரியை அலசினாள். பற்களுக்கு நடுவிலிருந்து பச்சையாக ஏதோ நழுவித் தண்ணீரில் மிதந்தது. விரல் நீளம் இருக்கும். காற்றுக்கு மெல்ல அசைந்து அசைந்து கரையோரக் கோரைப்புல்லை நோக்கிப் போனது.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆறாம் குளத்துத் தண்டு, வாரியை விட்டுப் போனது நல்லது, எண்ணிக்கையில் சேராது என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்தது பின்னால் அவளுக்கு எத்தனையோ நாள் ஞாபகம் வந்து வதைத்தது. அடுத்த நிமிடம் வாரியைப் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அந்தத் துண்டின் பின்னால் ஓடினாள். கரையில் இருந்த ஓட்டுநர் என்ன மேடம், மோதிரம் விழுந்துடுச்சா என்று கேட்டார்.

பிடித்துவிட்டாள். கணுவில் இரண்டு வெள்ளை வேர் விட்டிருந்தது. ஈரச்சாக்கு அதற்குத் தொட்டிலாக இருந்திருக்கிறது. இலையை லென்சில் பார்த்தாள், முடி இருந்தது. சாக்கை உதறினாள். மேலும் நாலு துண்டு விழுந்தன. பூட்ஸின் பள்ளங்களில் இரண்டு.

படியிலேயே உட்கார்ந்து குறிப்பேட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்து, அவள் தேதிகள், ஒரு புள்ளி பிசகில்லை. செடி முதலில் தெரிந்தது நாலில். அடுத்து ஒன்று. அப்புறம் மூன்று, இரண்டு, ஆறு. தண்ணீர் போகும் வரிசை இல்லை, பறவை போகும் வரிசையும் இல்லை. ஜீப் போகும் வரிசை. நாலாம் குளத்துக்கு அது எப்படி வந்ததோ யாருக்கும் தெரியாது. மற்ற எல்லாக் குளத்துக்கும் சுமந்துபோய் நட்டது அவள். ஒழுங்காக, வாரம் தவறாமல், அலசி அலசி நட்டிருக்கிறாள். அந்தச் சோம்பேறி மனிதரின் குளங்கள் ஏன் சுத்தமாக இருக்கின்றன என்பதும் கூடவே விளங்கியது. அவளுக்கு அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

அன்று மாலையே அலுவலகத்துக்குப் போய், காகிதங்களுக்கு நடுவே அழுத்தி வைத்திருந்த பண்ணைச் செடியை எடுத்துப் பார்த்தாள். நிமிர்ந்து நின்ற தண்டு. இலை வழவழவென்று இருந்தது. பறித்த அன்றே பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கழுத்தில் லென்சைக் கட்டிக்கொண்டு திரிகிறவள், பார்க்க வேண்டிய ஒரே இலையைப் பார்க்கவில்லை.

இரண்டாவது அறிக்கையை ஒரே மூச்சில் எழுதினாள். தலைமைப் பொறியாளர் முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டார். முதல் அறிக்கை மேலே போய்ப் பாராட்டு வந்துவிட்டது என்றார். கிழக்குக் குளங்கள் மூன்றையும் அவளிடமே ஒப்படைக்க உத்தரவு தயாராகிறது, இந்த நேரத்தில் உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளாதே என்றார். காகிதத்தை அவள் பக்கமே தள்ளினார்.

"நான் இதைப் பார்க்கலம்மா. நீயும் எழுதல."

அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே பண்ணைக்குப் போனாள். வாசல் கதவு சாத்தியிருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் கவிழ்ந்த தொட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. கூப்பிட்டதும் தொட்டிக்காரன் வந்தான். கதவைத் திறக்கவில்லை. அவள் கம்பி வழியாக ஐந்தாம் குளத்துத் துண்டை நீட்டினாள். அவன் இலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிறகு அறிக்கையை வாங்கி நின்றபடியே கடைசிவரை படித்தான். மேல்முறையீட்டுக்கு இது போதும், உரிமம் திரும்பக் கிடைக்கும், தன் வேலை போனால் போகட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

"கையெழுத்து போடலையே," என்றான்.

அவள் காகிதத்தைத் திரும்ப வாங்கி, வாசல் தூணில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவள் காலைப் பார்த்தான். பூட்ஸில் குளத்துச் சேறு இன்னும் ஈரமாக இருந்தது. வாசலோரம் தண்ணீர்க் குழாயும், அதன் கீழே காலியாக ஒரு தொட்டியும் இருந்தன. அவள் பார்வை தன்னையறியாமல் அந்தப் பக்கம் போனதை அவன் கவனித்தான்.

"இங்க கழுவாதீங்க," என்றான்.

வீட்டுக்குள்ளிருந்து தங்கையின் குரல் கேட்டது, யாருங்க வாசல்ல என்று. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவன் திரும்பி நடந்துகொண்டே பதில் சொன்னான்.

"ஆபீஸ்ல இருந்து வந்தவங்க. போயிட்டாங்க."