புல்லி மாற்றிய வண்டி

எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான், பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தான். குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தான். ஜன்னல்களைச் சாத்தினான். மனைவி இறந்ததிலிருந்து இதே வரிசைதான், எதுவும் முன்பின் ஆகாது. இன்று மட்டும் வீட்டைப் பூட்டிய பிறகு நேராகக் கடைக்குப் போகவில்லை. பின்பக்கக் கொட்டகைக்குப் போய் அவளுடைய ஜீப்பின் பானட்டைத் தூக்கினான். ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி எஞ்சின் பெல்ட்டைக் கழற்றினான். சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

முந்தின நாள் அவளுடைய அண்ணன் போனில் சொல்லியிருந்தார். "மாப்பிள்ளை, நாளைக்கு வண்டிக்கு ஆளைக் கூட்டிட்டு வரேன். ஓட்டிப் பார்த்துட்டு அப்படியே எடுத்துட்டுப் போயிடுவாரு. சாவி என்கிட்ட இருக்கு. நீ பாட்டுக்கு வேலைக்குப் போ. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

போட்டுக் குழப்பிக்கொள்ள மனசு என்று ஒன்று கைவசம் இருந்தால்தானே.

ஜீப் அண்ணன் பேரில்தான் இருந்தது. ஏதோ பட்டறை வாசலில் மழையில் ஊறிக்கிடந்ததை, தங்கை கேட்டாளே என்று அவர்தான் வாங்கித் தந்தார். அவள் அதைக் காடு மேடு, சேறு, ஓடை எல்லாம் ஏறி இறங்கும் வண்டியாக்கினாள். ரோடு முடிகிற இடத்தில்தான் அவளுக்கு வண்டி ஓட்டுவதே ஆரம்பிக்கும்.

எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரை, ஓடைத் தண்ணீர் எட்டக் கூடாது என்று மேலே தூக்கி மாட்டினாள். சேற்றில் மாட்டிக்கொண்டால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ள முன்னால் ஒரு வின்ச் வைத்தாள். வின்ச் கரண்டைக் குடிக்கும். எஞ்சினோ அந்த இடங்களில் ஆமை வேகத்தில்தான் ஓடும். அதனால் பெல்ட் சுற்றி ஓடும் சக்கரமான ஆல்டர்னேட்டர் புல்லியைச் சின்னதாக்கி வேகமாகச் சுழல வைத்தாள். சின்னப் புல்லியில் பெல்ட்டுக்குப் பிடிமானம் போதாமல் வழுக்கியது. நடுவில் ஒரு சும்மா சுழலும் புல்லியை வைத்து பெல்ட்டை நன்றாகச் சுற்றி வளைத்துவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவன். சாப்பிட உட்கார்ந்தவர்கள் தட்டை நகர்த்திவிட்டுப் படம் போட்டார்கள். கம்பெனிப் புத்தகத்தில் அந்த ஜீப்புக்குப் போட்டிருந்த பெல்ட் எண் அன்றோடு செல்லாக்காசு.

அவனுக்கு வேலை பெல்ட்டும் புல்லியும் விற்கும் கடையில். கல்லூரியில் எஞ்சினியரிங் படித்துவிட்டு வந்து நின்ற இடம் அந்த கவுண்டர்தான். யார் வந்து பெல்ட் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டான். மணலிலா சேற்றிலா, எங்கே ஓட்டுறீங்க? பழைய பெல்ட் எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்கு? புல்லி மாத்தியிருக்கா? மாற்றியிருந்தால், ஒரு கயிற்றைப் புல்லிகள் மேல் சுற்றி அளந்து வா என்று திருப்பி அனுப்புவான். அதனால் அவனுக்குக் கடையில் பெயர் விசாரணைக் கமிஷன்.

வெயில் ஏறுமுன்பே மச்சான் கடைக்கு வந்துவிட்டார். கூடவே, வாயில் பல்குச்சியோடு வண்டி வாங்க வந்தவர்.

"மாப்பிள்ளை, எஞ்சின்ல பெல்ட்டையே காணோமே! எலி கிலி தின்னுடுச்சா?"

"எலின்னா மிச்சம் வைக்கும்."

"சரி, புதுசு ஒண்ணு எடு. என்ன வண்டின்னு உனக்குத் தெரியாதா?"

புத்தகத்தில் இருந்த எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுத்தான். எதுவும் கேட்கவில்லை. கல்லாவில் இருந்த முதலாளி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

வீடு அடுத்த தெருதான். போன வேகத்தில் திரும்பினார்கள்.

"கட்டையா இருக்கு மாப்பிள்ளை. எட்டவே இல்லை."

நீளமானதாக ஒன்றை எடுத்துப் போட்டான். மறுபடி வந்தபோது மச்சானின் சட்டையெல்லாம் கறுப்பு.

"இது தொளதொளன்னு தொங்குது. ஸ்டார்ட் பண்ணினதும் கழுதை மாதிரி கத்திட்டுக் கழண்டு விழுந்துடுச்சு."

"அண்ணே," என்றார் பல்குச்சிக்காரர், "நான் வண்டி வாங்க வந்தேனா, பெல்ட் வாங்க வந்தேனா?"

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா கமிஷன், நட்டு வாங்க வர்றவனைக்கூட நாலு கேள்வி கேட்டுக் குடைவியே. இவர்கிட்ட வாயே திறக்கலை? புல்லி மாத்தியிருக்கான்னு கேட்டியா?"

"கேக்கலை."

"ஏன்?"

"மாத்தியிருக்குன்னு எனக்கே தெரியும்."

மச்சானுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. அதற்குள் அவன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, பழைய பெல்ட்டை கவுண்டர் மேல் வைத்தான். ஒரு விரிசல் இல்லை. இரண்டு ஓரமும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தன.

"இது ஒண்ணுதான் சேரும். தரமாட்டேன்."

வாங்க வந்தவர் ஆசையாகக் கை நீட்டினார். அவன் உள்ளங்கையால் பெல்ட்டை மூடினான். அவர் பல்குச்சியை எடுத்து எறிந்தார். "குடும்பத் தகராறா? நமக்கு எதுக்கு? தார் ரோட்டுல போற வண்டியா ஒண்ணு பார்த்துக்கறேன்," என்று இறங்கி நடந்தார்.

"வண்டி என் பேர்ல இருக்கு, ஞாபகம் வச்சுக்க," என்றார் மச்சான்.

"இருக்கட்டும். புல்லியெல்லாம் அவளோடது. அதைக் கழட்டி வச்சுட்டு மிச்சத்தைத் தள்ளிட்டுப் போங்க."

"கிண்டலா?"

"இல்லை மச்சான். இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வாங்க, மறுபடி கழட்டுவேன். நூறு பேரைக் கூட்டிட்டு வாங்க. லீவு நாள் பார்த்து நான்தான் ஓட்டப்போறேன். ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம்."

"உனக்கு ரெண்டாவது கியருக்கு மேல போடத் தெரியாதேடா!"

"அங்கே அதுக்கு மேல தேவைப்படாது."

மச்சானின் முகம் கோணிக்கொண்டது. முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார்.

"என்ன ஜென்மம்டா நீ? என் தங்கச்சியைத் தின்ன வண்டிடா அது. அன்னிக்கு நான் போன் பண்ணினப்போ நீதானே சொன்னே, அவ வண்டிக்கு அடியில இருக்கான்னு? அந்தப் புழுக்கத்துல, புகையில கிடந்துதானே அவளுக்கு அப்படி ஆச்சு?"

மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது, எங்கே இருந்தாலும் வெடித்திருக்கும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மச்சான் காதில் அது ஏறவே இல்லை. அவனும் இத்தனை நாள் ஏற்ற முயலவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று உறவுக்காரர்கள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றான். அவரவர் இஷ்டத்துக்கு ஒன்றைச் சொல்லி அழுதார்கள். அழட்டும் என்று விட்டுவிட்டான். இனி விடுவதாக இல்லை.

"அவ வண்டிக்கு அடியில இல்லை மச்சான். கட்டில்ல படுத்திருந்தா."

"பின்னே ஏன்டா அப்படிச் சொன்னே?"

"அவதான் சொல்லச் சொன்னா."

"என்ன சொன்னா? அவ சொன்னதை அப்படியே சொல்லு."

இனிப்புத் தடவ அவனிடம் எதுவும் இல்லை. அவள் கடைசியாகப் பேசியதை அப்படியே சொன்னான்.

"தலை வலிக்குது. அண்ணன் கூப்பிட்டா, வண்டிக்கு அடியில இருக்கேன்னு சொல்லு. வித்துடு வித்துடுன்னு ஆரம்பிச்சா முடிக்க மாட்டான்."