இரண்டு பள்ளங்களும் திறந்திருக்கும் நாள்

சுரங்க வரைபடத்தை விரித்ததும் அவள் முதலில் தேடுவது நிலக்கரியை அல்ல, பள்ளம் ஆகப் பெரிதாக வாய் பிளந்து கிடக்கப்போகும் நாளை. திறந்தவெளியில் கரி தோண்டுகிறவர்கள், மண்வெட்டி வைப்பதற்கு முன்பே அரசிடம் பிணைத்தொகை கட்டியாக வேண்டும். பாதியில் கம்பி நீட்டிவிட்டால் அந்தப் பணத்தில்தான் பள்ளத்தை மூடிப் புல் முளைக்க வைக்க வேண்டும். அது எவ்வளவு என்று மதிப்பிடுவது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. "ஓடுறவன் நமக்குத் தோதான நாள் பாத்தா ஓடுவான்?" என்பாள். இந்த வேலையில் தன்னை ஏமாற்ற ஆள் இல்லை என்பது அவள் எண்ணம். அதை அவள் மறைத்ததும் இல்லை.

இந்தக் கம்பெனியின் புதிய சுரங்கத்தில் இரண்டு பள்ளங்கள். முதலாவதை மூடிய பிறகே இரண்டாவதைத் திறப்போம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவளும் ஒரு பள்ளத்துக்கே தொகை போட்டு முடித்திருந்தாள். கையெழுத்து மட்டும் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்த தம்பி அதைக் கெடுத்தான். அவன் அதே கம்பெனியில் புல்டோசர் ஓட்டுகிறவன். அதை அவள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தும், வேறு ஆள் இல்லாததால் கோப்பு அவள் மேஜைக்கே திரும்பி வந்திருந்தது.

"அடுத்த வருஷம் மூச்சு விட நேரமிருக்காதுக்கா. ரெண்டு பள்ளத்துலயும் ஒரே நேரத்துல வேல. ஷிப்டு கூடப் பிரிச்சாச்சு."

அவள் கை தட்டிலேயே நின்றது. நன்றாகக் காதில் பூ சுற்றியிருக்கிறார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் உறைத்துவிட்டது.

"அக்கா, நான் சொன்னேன்னு போட்றாத. வேல போயிடும்."

"நீ எங்கடா சொன்ன? நீ சாப்பிட்ட."

அவன் பேர் வராமல் இருக்க வேண்டுமானால் கம்பெனி எழுதிக் கொடுத்ததிலேயே ஆதாரம் கிடைக்க வேண்டும். இரண்டு நாள் கோப்பைச் சல்லடை போட்டுச் சலித்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மாட்டியது. இரண்டாம் பள்ளத்தின் மேல்மண்ணைப் பதினான்காம் மாதம் உரிப்பதாகப் போட்டிருந்தது. முதல் பள்ளம் மூடப்படுவதோ முப்பதாம் மாதம். தோலை உரித்துப் போட்டுவிட்டு பதினாறு மாதம் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள்.

அவள் கூப்பிட்டனுப்பிய கம்பெனி இஞ்சினியர் வந்து அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். "யாராவது சொன்னாங்களா மேடம்?"

"நீங்கதான் சார் சொல்லியிருக்கீங்க. கீழ உங்க கையெழுத்துதானே?"

"தொக ஏறினா ஆளக் கொறைக்க வேண்டியிருக்கும்."

"அது உங்க முடிவு சார். ரெண்டும் திறந்திருக்கிற நாளுக்குத்தான் நான் போடுவேன்."

 சாயங்காலம் நேரே தம்பி வீட்டுக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பக்க எண்ணைச் சொன்னாள், ஆளைக் குறைக்கும் பேச்சையும் சொன்னாள், தனக்கும் பயமாக இருக்கிறது என்பதையும் சொன்னாள்.  திட்டப்போகிறான் என்று காத்திருந்தாள்.

"ரெண்டையும் மூட எத்தன மாசம் போட்டிருக்க?" என்றுதான் கேட்டான்.

"பதினாலு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு உனக்குச் சொன்னது? மண்ணக் கொட்டப்போறது சரிவுல கீழ்ப்பக்கம், பள்ளம் மேல்பக்கம். மேட்டுல ஏத்தித்தான் தள்ளணும். பதினெட்டு இல்லாம நடக்காதுக்கா."

"தம்பி, அப்போ தொக இன்னும் ஏறும்டா."

"ஏறட்டும். இங்க பாரு."

மகளின் நோட்டைச் சாய்த்துப் பிடித்து, அடியில் ஒரு கைப்பிடி சர்க்கரையைக் கொட்டி, உள்ளங்கையால் மேல்நோக்கித் தள்ளினான். இரண்டு பக்கமும் சர்க்கரை வழிந்து மேஜையில் சிந்தியது. சிந்தியதைக் கூட்டி அடியில் சேர்த்து, அவன் மறுபடியும் தள்ளினான்.