அந்த மூலையை அளந்தவள்

...ஆமாம், ஆள் வருது என்று அந்தத் தொப்பி போட்ட அம்மாளிடம் சொல்லிவிட்டாள், பக்கத்து நாற்காலியில் வைத்த பை அப்படியே இருக்கிறது, வெர்னெட்டாவின் கண் மட்டும் நகர மன்றக் கூடத்தின் முன்வரிசையை விட்டு நகரவில்லை. அங்கே லாமான்ட், அவள் கணவன், இன்னும் சட்டப்படி கணவன்தான், கடைக்குப் பணம் போடும் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொடுத்த சாம்பல் நிறக் கோட்டில், டை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு... சரிசெய்துவிட அங்கே ஒருத்தருமா இல்லை? கோணட்டும், எனக்கென்ன. நகரம் இந்த வருடம் ஒரே ஒரு கஞ்சாக் கடைக்குத்தான் உரிமம் தருகிறது, அதுவும் பழைய சட்டத்தில் சிறைக்குப் போனவர்களுக்கு, பாதிக்கு மேல் பங்கு அவர்களிடமே இருக்க வேண்டும், வேறு யாராவது அவர்களைப் பெயருக்கு மட்டும் நிற்க வைத்தால் உரிமம் ரத்து. நல்ல விதிதான். இதே சரக்கை விற்றதற்குத்தான் இதே ஊர் அவனை உள்ளே தள்ளியது, இப்போது உள்ளே இருந்த காலத்துக்கு மதிப்பெண் போடுகிறது. வெளியே இருந்தவளுக்கு? கைக்குழந்தையோடு பேருந்து மாறி மாறிப் போய், உள்ளாடைக் கம்பிக்குச் சோதனைக் கருவி கத்துகிறதென்று சிறைவாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் பல்லால் கடித்து அந்தக் கம்பியை உருவி எறிந்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றாளே, அதற்கு எத்தனை மதிப்பெண்?

பள்ளிக்கூடத்திலிருந்து ஆயிரம் அடி தள்ளித்தான் கடை இருக்க வேண்டும் என்று நகரம் சொன்னதும், சர்ச்சுக்குப் போட்ட உடுப்போடு அவளும் அவனும் சக்கரம் வைத்த அளவுகோலை நடைபாதை நெடுகத் தள்ளிக்கொண்டு போனார்களே, முடிவெட்டும் கடையிலிருந்து ஒருத்தன் கத்தினான், "டேய் லாமான்ட், தெருவையே வாங்கப் போறியா?" "என் பொண்டாட்டி கேட்டா வாங்கிட வேண்டியதுதான்!" அப்படிச் சொன்னவன்தான் இவன். கடைசியில் நகர அலுவலகத்து ஆள் சிரித்தார், "நடக்கிற தூரம் இல்லம்மா, நேர்கோடு, வீடு மாடி எல்லாத்துக்கும் மேல." போயிற்று, நேர்கோட்டில் ஆயிரம் அடி தேறவில்லை, பார்த்த இடம் போயிற்று, லாமான்ட் கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டான், இவள்தான் சமையல் மேஜையில் வரைபடத்தை விரித்து, பள்ளி, குழந்தைக் காப்பகம், எல்லாவற்றையும் சுற்றி வட்டம் போட்டுப் போட்டு, எந்த வட்டமும் தொடாத ஒரே மூலையைக் கண்டுபிடித்தாள், மூடிக்கிடந்த சலவைக் கடை. இதோ, கம்பெனி திரையில் பெரிதாகக் காட்டுகிறதே, அதேதான். அதற்கப்புறம்தான் கம்பெனி வந்தது, அதே சமையல் மேஜையில் உட்கார்ந்து லாமான்ட் சொன்னான், "பாதிக்கு மேல எனக்குத்தான் நெட்டா, காகிதத்துல. கடையை அவங்க பாத்துப்பாங்க, நான் வந்து நின்னாப் போதுமாம்." அப்ப நான்? "உன்னை விட்டுருவேனா, பேபி?" கம்பெனி தந்த குடியிருப்புக்கு அவன் பெட்டியோடு போன அன்றுகூட இதையேதான் சொன்னான்.

பெயரைக் கூப்பிடுகிறார்கள், வெர்னெட்டா ப்ரூயிட், கருத்துச் சொல்ல இரண்டு நிமிடம். எதற்கு இரண்டு நிமிடம், ஒரு வாக்கியம் போதும், இவன் வெறும் பெயர், என் சமையலறையில் இவனே சொன்னான், அவ்வளவுதான், கோட்டும் கடையும் ஒன்றுமில்லாமல் போகும். ஒலிவாங்கி முன்னால் நேரம் காட்டும் விளக்கு பச்சையாக எரிகிறது. லாமான்ட் திரும்புகிறான், தீர்ப்பு வந்த அன்று கூட்டத்தில் அவளைத் தேடினானே, அதே கண். "அந்த மூலையைக் கண்டுபிடிச்சது நான்" என்று தன் குரல் சொல்வது கேட்டது. இதையா சொல்ல வந்தேன்? "மேடம், நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" தலைவர் பொறுமையாகத்தான் கேட்கிறார். பின்னால் தொப்பிக்கார அம்மாள், "ஏம்மா, யாரும் வரக் காணோமே, பையை எடுத்துக் கீழ வைக்கட்டுமா?" மன்றமே சிரிக்கிறது, விளக்கு மஞ்சளாகிறது... அன்று நீதிமன்றத்திலும் பக்கத்தில் இப்படித்தான் அவனுக்கென்று ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள், அவன் அன்றும் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான், பின்வரிசைக்கு எழுந்து வரவே முடியாத இடத்தில்.